அம்பு சரியாகப் படாத மானைத் தேடி எடுப்பது

வில்லும் அம்பும் வைத்து வேட்டையாடுகிற யாருக்கும் ஒருநாள் இது நடக்கும். குறி சரியாகத்தான் இருந்திருக்கும். அம்பு கிளம்பிய பிறகு மான் ஓரடி எடுத்து வைத்திருக்கும், இல்லையென்றால் நாண் சத்தம் கேட்டு உடம்பைத் தாழ்த்தியிருக்கும். கப்பிகள் வைத்த நவீன காம்பவுண்ட் வில்லிலிருந்து போகும் அம்பின் வேகம் விநாடிக்கு 280 அடி என்று வைத்துக்கொள்வோம். சத்தமோ விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. அதனால் 30 கெஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு, அம்பு வந்து சேர்வதற்குக் கால் விநாடி முன்பே சத்தம் போய்விடும். தாவி ஓட வேண்டுமென்றால் மான் முதலில் காலை மடக்கியாக வேண்டும். உடம்பு கீழே இறங்கும், நெஞ்சுக்கு வைத்த அம்பு முதுகில் படும். உடம்பு திரும்பினால் வயிற்றில் படும். பட்டது பட்டதுதான். அந்த மான் கைக்கு வருமா, காட்டில் வீணாகக் கிடக்குமா என்பது அதற்குப் பிறகு நாம் செய்வதில் இருக்கிறது. கிடைக்க வேண்டிய மான்கள் தொலைந்துபோவதற்குப் பெரிய காரணம் அவசரம்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமமும், கொன்ற மானில் கட்ட வேண்டிய டேக் என்ற அடையாளச் சீட்டும் வாங்கி, அக்டோபர் நவம்பர் மாதங்களில் ஆடும் வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஊரில் யாரும் இதைச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம்.

பரணிலிருந்து இறங்குவதற்கு முன்

அம்பு விட்டதும், மரத்தில் கட்டிய பரணிலிருந்து இறங்காதீர்கள். அப்படியே நின்று பாருங்கள், கேளுங்கள். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் இரண்டுக்கும் அடையாளம் பிடித்துக்கொள்ள வேண்டும். "அந்தப் பெரிய ஓக் மரத்துக்குப் பக்கத்தில்" என்று மேலிருந்து நினைத்துக்கொண்டு கீழே இறங்கினால் பெரிய ஓக் மரங்கள் நாலைந்து தெரியும். பரணில் இருந்தபடியே செல்போனில் அந்தத் திசையைப் படம் எடுத்துவிடுங்கள், திசைகாட்டியில் கோணத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தேடும்போது இந்தப் படம் ஒன்றே போதும் என்கிற அளவுக்கு உதவும்.

அம்பு பட்டதும் மான் என்ன செய்தது என்பது முதல் சாட்சி. பின்னங்கால் இரண்டையும் தூக்கி உதைத்துவிட்டுத் தலைதெறிக்க ஓடினால் நெஞ்சின் கீழ்ப்பகுதி, பெரும்பாலும் இதயம் அல்லது நுரையீரல். முதுகைக் கூன்போட்டு, வாலை ஒடுக்கி, கொஞ்ச தூரம் ஓடி நின்று, பிறகு மெதுவாக நடந்து போனால் வயிறு அல்லது ஈரல். எலும்பு உடைகிற "டக்" சத்தமும், பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அம்பும் முன்சப்பையை, அதாவது முன்னங்கால் தோளைக் காட்டுகின்றன. நின்ற இடத்திலேயே மான் பொத்தென்று விழுந்தால் முதுகெலும்பு. அப்போது மகிழ்ச்சியில் கையை உயர்த்தாமல் உடனே இன்னொரு அம்பைத் தொடுக்க வேண்டும். முதுகெலும்பின் மேல்நுனியில் மட்டும் அடிபட்டு விழுந்த மான் ஒரு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும், அதற்குப் பிறகு அது அகப்படுவது அரிது.

முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே எதுவுமே இல்லாத ஓர் இடம் உண்டு, அம்பு அதில் போனால் மான் பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். உயிருள்ள மானில் அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. நுரையீரல் விரிந்து முதுகெலும்பின் அடி வரைக்கும் நிறைந்திருக்கும். நாம் நினைப்பதைவிட முதுகெலும்பு தாழ்வாக இருப்பதுதான் உண்மை. முன்சப்பைக்கு மேலே அது நன்றாகவே கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் இருப்பது எலும்பு முட்களும் தசையும். உயரமாகப் பட்ட அம்பு அந்தத் தசைக்குள் போயிருக்கும், அதனால்தான் மான் பிழைக்கிறது.

அம்பு சொல்வது

நெஞ்சில் நன்றாகப் பட்டது என்று தோன்றினாலும் அரைமணி நேரம் பரணிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. பிறகு சத்தமில்லாமல் இறங்கி, மான் நின்ற இடத்துக்குப் போய், முதலில் அம்பைத் தேடுங்கள். அம்பின் வால்நுனியில், நாணில் மாட்டுகிற "நாக்" என்ற துண்டு ஒளிரும் வகையாக இருந்தால் வேலை சுலபம்.

அம்பு கிடைத்ததும் அதை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அம்பின் கறுப்புக் கார்பனில் தெரியாத நிறம் வெள்ளைக் காகிதத்தில் தெரியும். இளஞ்சிவப்பாக, ஊசிமுனை அளவுக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். காற்றும் ரத்தமும் கலந்த நுரை அது. குமிழி இல்லாத கருஞ்சிவப்பு, அரக்கு நிறம் என்றால் ஈரல். பளிச்சென்ற சிவப்பு, ஆனால் நுரையே இல்லை, அம்பில் கோடுகோடாகத்தான் ஒட்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் தசை. வழவழவென்று கொழுப்பு பூசியிருந்தால் முதுகு அல்லது நெஞ்சடி. பச்சையோ பழுப்போ கலந்த கோழை, அரைத்த புல்லும் ஓக் கொட்டைத் துணுக்கும் ஒட்டியிருந்தால் இரைப்பை. மூக்கருகே கொண்டுபோனால் புளித்த புல் நாற்றம் அடிக்கும். அதே நாற்றம் சாணி நாற்றமாக இருந்தால் அம்பு இன்னும் பின்னால், குடலில் போயிருக்கிறது.

ஆனால் ஒரே அம்பு இரண்டு மூன்று உறுப்புகளைத் துளைத்துப் போகும் என்பதை மறக்கக் கூடாது. மான் சற்றே அப்பால் திரும்பி நின்றிருந்தால், அம்பு வயிற்றின் ஓரத்தில் நுழைந்து ஈரலையும் நுரையீரலையும் கிழித்துக்கொண்டு எதிர்ப்பக்க முன்சப்பைக்குப் பின்னால் வெளியே வந்திருக்கலாம். அம்பில் பச்சை இருந்தாலும் மான் நூறு கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும். நம்மை நோக்கித் திரும்பி நின்ற மானில் இதற்கு நேர் எதிர்: முன்னால் நுழைந்த அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டு வயிற்றுக்குள் போய்விடும். அதனால் அம்பை மட்டும் பார்க்காமல், மான் எந்தக் கோணத்தில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரல் உதரவிதானத்துக்கு உடனே பின்னால், வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். இரைப்பை இடப்பக்கத்தை நிறைத்திருக்கும். வயிற்றில் பட்டதெல்லாம் ஒன்றாகவே தோன்றினாலும் இடமா வலமா என்பதைப் பொறுத்துக் கதை மாறும்.

தரையில் கிடக்கும் மயிரையும் பொறுக்கிப் பாருங்கள். வெள்ளையாக முரட்டு மயிர் என்றால் அடிவயிறு. நீளமாக, நுனி கறுத்திருந்தால் முதுகு. எங்கே பட்டாலும் கொஞ்சம் மயிர் விழத்தான் செய்யும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

இரண்டு நுரையீரலும் கிழிந்த மான் பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும், நூறு நூற்றைம்பது கெஜத்தைத் தாண்டுவது குறைவு. அதற்கு அரைமணி நேரம் போதும். ஈரலில் பட்டால் 4 முதல் 6 மணி நேரம். ஒரு நுரையீரல் மட்டும் என்றால் குறைந்தது அதே 6 மணி நேரம், மிகுந்த பொறுமையோடு. ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும், சில மான்கள் பிழைத்தும் விடும். இரைப்பை, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். மாலையில் பட்டது என்றால் விடியும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது.

இந்தக் கணக்குக்குக் காரணம் மானின் இயல்பு. 68 கிலோ எடையுள்ள மானின் உடம்பில் ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் அது சாயும். வயிற்றில் பெரிய ரத்தக்குழாய்கள் அறுபடாவிட்டால் அந்த அளவு ரத்தம் சீக்கிரம் போகாது. மான் சாவது ரத்தப்போக்கால் மட்டுமில்லை, உள்ளே கசிந்த இரைப்பைச் சாறு விஷமாவதாலும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். தன்னை யாரும் துரத்தவில்லை என்று நினைத்தால், வயிற்று வலியோடு இருக்கும் மான் பெரும்பாலும் 200 கெஜத்துக்குள் அடர்ந்த புதரில் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே சாகும். அரைமணி நேரத்தில் நாம் டார்ச்சை அடித்துக்கொண்டு போனால் எழுந்து ஓடும். கொழுப்போ குடலோ அம்பு போட்ட ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ரத்தம் ஒரு சொட்டும் விழாது, மான் ஒரு மைலுக்கு அப்பால் போய்ப் படுக்கும். அதற்குப் பிறகு தேடுவதற்குத் தடமே இருக்காது.

மழை வருகிறதே, ஓநாய்க்குக் கொஞ்சம் சின்னதான கயோட்டிகள் தின்றுவிடுமே, கறி கெட்டுவிடுமே என்ற கவலைகள் நியாயமானவை. வயிற்றில் பட்டிருந்தால் மழை வந்தாலும் காத்திருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வயிற்றில் பட்ட மான் விடும் ரத்தம் முதலிலேயே கொஞ்சம்தான், மழையில் இழப்பதற்கு அதிகம் இல்லை. படுத்திருக்கும் மான் படுத்த இடத்தில் இருந்தால் ரத்தமே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். கறியைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை: மான் உயிரோடு இருக்கும் நேரம் வரை கறி கெடுவதில்லை. இரவு முழுதும் காத்திருந்தோம் என்றால், அதில் பெரும்பகுதி மான் உயிரோடுதான் படுத்திருந்திருக்கும். இரவின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் மட்டும் காத்திருப்பைக் கணக்கின் கீழ் எல்லைக்குக் கொண்டுவரலாம். கயோட்டிகள் நிறைந்த இடத்தில் பாதி மானை இழக்கும் ஆபத்து உண்மையில் உண்டு. விரட்டினால் முழு மானையும் இழப்போம்.

தொடைத்தசை, முன்சப்பைத் தசை இவற்றில் பட்டதற்கு மட்டும் வேட்டைக்காரர்களிடையே ஒரே கருத்து இல்லை. மானை ஓய்வெடுக்க விடாமல் மெதுவாகத் தொடர்ந்தால் ரத்தம் உறையாமல் போகும் என்பார்கள் சிலர். தொடையின் பெரிய தமனி அறுந்திருந்தால் மான் அருகிலேயே விழுந்து கிடக்கும், அப்போது இந்தப் பேச்சே வேண்டாம். எங்கே பட்டது என்று சந்தேகமாகவே இருந்தால், இருப்பதில் மோசமானதை எடுத்துக்கொண்டு அதற்குரிய நேரம் காத்திருங்கள்.

தடத்தில் நடப்பது

இரண்டு பேர் போதும், மூன்று பேர் அதிகபட்சம். ஊரைக் கூட்டிக்கொண்டு போனால் ரத்தம் எல்லார் பூட்ஸிலும் ஒட்டிக் காடெல்லாம் பரவும். தடத்தின் மேல் நடக்காமல் அதற்கு ஓரமாக நடங்கள். ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் ஒரு துண்டு டாய்லெட் காகிதத்தைக் குச்சியில் மாட்டிவிட்டுப் போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன கோடு தெரியும். மழையில் அது கரைந்தும் போகும். அடுத்த துளி தெரியாவிட்டால் அந்தக் கோட்டை நீட்டிப் பாருங்கள், பாதித் துளிகள் அங்கேதான் இருக்கும்.

முதல் முப்பது நாற்பது கெஜத்துக்கு ரத்தமே இல்லாவிட்டால் "படவே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். பரணிலிருந்து கீழ்நோக்கி விட்ட அம்பு மேலே நுழைந்து, எதிர்ப்பக்கம் வெளியே வராமல் நின்றிருந்தால் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே நிரம்பும். நுழைந்த ஓட்டை வரைக்கும் நிரம்பிய பிறகுதான் வெளியே வழியும். தரையை மட்டும் பார்க்காமல் புல்லின் பக்கவாட்டையும், இலைகளின் அடிப்பக்கத்தையும், தொடை உயரத்தில் இருக்கும் செடித்தண்டுகளையும் பாருங்கள். ரத்தம் தடவியிருக்கும் உயரம் காயத்தின் உயரம். தடத்தின் இருபுறமும் ரத்தம் இருந்தால் அம்பு துளைத்து வெளியே வந்திருக்கிறது. சிதறிய துளியின் விரல்கள் நீண்டிருக்கும் பக்கம்தான் மான் போன பக்கம். வட்டமான துளிகள் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால் மான் அங்கே நின்றிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளில் இருக்கும் செம்புள்ளிகள் ரத்தம் போலவே ஏமாற்றும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பட்டால் அதிலுள்ள கேட்டலேஸ் என்ற என்சைமால் வெள்ளையாக நுரைத்துப் பொங்கும், இலைப்புள்ளியில் சும்மா ஈரமாகும். காய்ந்து பழுப்பான துளிக்கும் இது வேலை செய்யும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் பார்வைக் குறை ஆண்களில் கணிசமானவர்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவர் தடம் பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வெளிச்சத்துக்கு, நம்ம ஊர்ப் பெட்ரோமாக்ஸ் போன்ற கோல்மன் லாந்தரைப் பழைய வேட்டைக்காரர்கள் இன்னும் விடவில்லை. நல்ல வெள்ளை எல்ஈடி டார்ச்சும் அதற்குக் குறைந்ததில்லை. ரத்தம் பார்ப்பதற்கென்றே விற்கும் நிற விளக்குகளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

மான் படுத்திருந்த இடம் கண்ணில் பட்டால் அதை நிதானமாகப் பாருங்கள். அமுங்கிய இலைகளின் நடுவே குட்டை கட்டிய ரத்தம், தொட்டால் ஈரம், மான் மட்டும் இல்லை என்றால், நாம் வந்த சத்தத்தில்தான் அது எழுந்து போயிருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போய் இன்னும் 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். "இதோ கிட்டதான் இருக்கும்" என்று இன்னும் நூறு கெஜம் போகத் தோன்றும். போகக் கூடாது.

ரத்தம் முழுதும் நின்றுபோனால் ஒருவர் கடைசித் துளியிலேயே நிற்க வேண்டும். மற்றவர் 10, 20, 30 கெஜம் என்று வட்டம் பெரிதாக்கிப் பார்க்கலாம். மான் வழக்கமாகப் போகும் ஒற்றையடித் தடங்கள், வேலிக் கம்பியைத் தாண்டும் இடம், ஓடை இறங்கும் சரிவு இவற்றை முதலில் பாருங்கள். ஓடிய மானின் குளம்பு இரண்டாக விரிந்து பதிந்திருக்கும், இலைகள் பின்னால் வாரி எறியப்பட்டிருக்கும். வயிற்றில் பட்ட மான் தண்ணீரைத் தேடும்; ஓடைக்கரை, சதுப்பு ஓரம், குளத்தை ஒட்டிய அடர்த்தியான புதர் எல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள். காலையில் காக்கையும் கழுகும் எங்கே இறங்குகின்றன என்பதையும் கவனியுங்கள்.

நாய்

காட்டைக் கட்டம் கட்டிச் சல்லடை போட்டுத் தேடுவதற்கு முன்னால் நாயைக் கூப்பிடுங்கள். பின்னால் இல்லை, முன்னால். எல்லா இடத்தையும் மிதித்துவிட்டு, கடைசி நம்பிக்கையாக நாய்க்காரரை அழைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அதற்குள் வாசனை குழம்பிப் போயிருக்கும். நல்ல நாய் ரத்தத்தை மட்டும் பின்பற்றுவதில்லை. மானின் இரு குளம்புகளுக்கும் நடுவே இருக்கும் சுரப்பியின் வாசனை ஒவ்வொரு அடியிலும் தரையில் படியும். அந்த ஒரு மானின் வாசனையை மட்டும் மற்ற மான்களிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு நாள் பழைய தடத்திலும், மழைக்குப் பிறகும் நாய் போகும்.

ஜெர்மனியில் இது நெடுநாள் மரபு. பவேரிய மலை நாயும் ஹனோவர் நாயும் இதற்கென்றே வளர்த்த இனங்கள். அமெரிக்காவில் 1970களில் நியூயார்க் மாநிலத்தில் ஜான் ஜெனனி என்ற வரலாற்றுப் பேராசிரியர், கம்பிமயிர் டாஷ்ஹண்ட் நாய்களை வைத்து இதை முயன்று காட்டி, சட்டம் மாறுவதற்கு வழி செய்தார். இன்று பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி உண்டு. பல இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்தே கொண்டுபோக வேண்டும். யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் அமைப்பில் மாநில வாரியாக நாய்க்காரர்களின் பட்டியல் கிடைக்கும். சீசன் தொடங்குமுன்பே அருகில் இருப்பவரின் எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கப்போவது: அம்பு பட்ட நேரம், மான் நின்ற கோணம், அம்பின் படம், எத்தனை பேர் எவ்வளவு தூரம் நடந்தீர்கள். உடல்வெப்பத்தை வைத்து மானைக் காட்டும் ட்ரோன்களைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பறக்கவிடும் முன் விசாரித்தாக வேண்டும்.

தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். கோவை என்ற நம் பழைய காதல் பாட்டு நூல் வகையில் "கலைமான் வினாதல்" என்று ஒரு துறை உண்டு: அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தினைப்புனத்தில் வந்து கேட்பான். அவனுக்கு அது பேச்சுக்கொடுக்க ஒரு வழி. இங்கே நாம் கேட்பதற்கு "உள்ளே வராதே" என்பதும் பதிலாக வரலாம். மறுத்தால் வனவிலங்கு அதிகாரியை அழைத்துச் சொல்லுங்கள், அவர் பேசிப் பார்ப்பார். அனுமதி இல்லாமல் வேலி தாண்டக் கூடாது.

கிடைத்த பிறகு

பின்பக்கமாக நெருங்குங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும், பார்வை மங்கியிருக்கும். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டால் இமை அசையக் கூடாது. தலை நிமிர்ந்து படுத்திருந்தால் நெஞ்சுக்கு இன்னொரு அம்பு விடுங்கள், தயங்க வேண்டாம். இரவில் அப்படிச் செய்யலாமா, எந்த ஆயுதம் அனுமதி என்பதை உங்கள் மாநில விதிப் புத்தகத்தில் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

டேக்கைக் கட்டிய பிறகு உடனே குடலை எடுத்துவிடுங்கள். வயிற்றில் பட்ட மானின் உள்ளே பச்சைச் சாறு பரவியிருக்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் சீக்கிரம் கழுவி, காகிதத் துண்டால் ஒற்றி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், ஈரம் நின்றால் கெடும். பச்சை பட்ட தசையை ஒரு அங்குலம் ஓரம் சேர்த்து வெட்டி எறியுங்கள். முதுகெலும்பின் அடியில், வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய இளந்தசை இரண்டும் சாற்றில் ஊறியிருந்தால் அவையும் போனவைதான். முதுகின் மேல்தசையும் பின்தொடைகளும் வயிற்றுக்கு வெளியே இருப்பதால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். தொடை மூட்டருகே எலும்பை ஒட்டிக் கத்தியைச் செருகி முகர்ந்து பாருங்கள். கறி கெட்டிருந்தால் அங்கேதான் முதலில் நாறும். பனிக்கட்டி மூட்டையை உள்ளே வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

நாயும் வந்து, ஓடையும் புதரும் பார்த்து, மறுநாளும் தேடியும் மான் கிடைக்கவில்லை, அம்பில் இருந்தது தசை ரத்தம் மட்டும் என்றால் அது பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தடம் முடிந்த இடத்துக்கு அருகே, அது வழக்கமாக மேய வரும் பாதையில் விலங்கு வந்தால் தானாகப் படமெடுக்கும் ஒரு டிரெயில் கேமராவைக் கட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் பாருங்கள். முன்சப்பையில் தழும்போடு அதே மான் வந்து மேய்வது படத்தில் விழுந்தால், அதற்குப் பிறகு தேட வேண்டியதில்லை.